உங்களால் எது முடியாது?

ஜொகூர் பாருவில் பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடினேன். என் கதாபாத்திரம் மந்திரவாதி. தாக்கும் மந்திரங்களாகவே பொறுக்கி, முதல் சண்டையிலேயே வீசித் தீர்த்துவிட்டேன். அடுத்த அறையில், தோழி ஒரு வாரம் யோசித்து உருவாக்கிய வீராங்கனை மாண்டாள். என்னிடம் அவளைக் காக்க எதுவும் மிச்சமில்லை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த விளையாட்டு இது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, தொடக்கநிலை மந்திரவாதியின் ஏட்டில் ஆறு மந்திரங்கள் இருக்கும். எளிய மந்திரங்களை எத்தனை முறையும் பயன்படுத்தலாம். ஏட்டு மந்திரங்களுக்கோ நாளொன்றுக்கு இரண்டே வாய்ப்பு. சிறு ஓய்வில் ஒன்றை மீட்கலாம். ஆகவே வலிமையைவிடத் தேர்வே முக்கியம்.

அதிக மதிப்பெண்ணை அறிவுத்திறனுக்குக் கொடுங்கள். அடுத்தது உடலுறுதி, மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிகள் குறைவு, அடிபடும்போது மனம் சிதறாதிருக்கவும் அதுவே உதவும். ஆறில் ஒன்று தாக்கட்டும். கேடயம் உங்களைக் காக்கும். உறக்க மந்திரம் பலவீனமான எதிரிகள் பலரை ஒரே நேரத்தில் வீழ்த்தும். மாயத்தைக் கண்டறியும் மந்திரத்தைச் சடங்காக, கூடுதலாகப் 10 நிமிடம் எடுத்துச் செய்தால் வாய்ப்பு செலவாகாது.

வாளேந்த வேறொருவர் இருக்கையில் நான் ஏன் இன்னொரு வாளாக வேண்டும்? மாணவர்களே, கதாபாத்திரத் தாளை நிரப்புவதற்கு முன், உடன் ஆடுவோரிடம் ஒன்று கேளுங்கள்: “உங்களால் எது முடியாது?” உங்கள் மந்திரவாதி அங்கிருந்து பிறக்கட்டும்.