பூனைக்கண்ணு இல்லீங்க அது

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்த பதிவு. வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க.

எங்க அக்கா வீடு திருவொற்றியூர். மாமாவுக்கு கன்டெய்னர் யார்டுல வேலை. அவங்க பொண்ணோட ரெண்டாவது பொறந்தநாளுக்கு ஃப்ளாஷ் போட்டு போட்டோ எடுத்தது நான்தான். வலது கண்ணு வழக்கம்போல சிவப்பா விழுந்துச்சு, இடது கண்ணு மட்டும் வெள்ளையா மின்னுச்சு. "பாப்பாவுக்குப் பூனைக்கண்ணு டோய்"னு எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். பி.ஈ. படிச்சுட்டு, சம்பளம் வாங்கிட்டு பக் தேடுற ஆளு நான்!

நாலு மாசம் கழிச்சு அந்தக் கண்ணு ஓரமா ஒதுங்க ஆரம்பிச்சப்புறம்தான் டாக்டர்கிட்ட போனோம். ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில வர்ற புற்றுநோய். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒண்ணுக்கு வருமாம், பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள. கண்ணுக்குள்ளயே இருக்கும்போது கண்டுபிடிச்சா, நல்ல சிகிச்சை கிடைக்கிற இடங்கள்ல 95 சதவீதத்துக்கு மேல பொழைச்சுக்கறாங்க. பார்வை நரம்பு வழியா வெளிய போயிடுச்சுன்னா கதை வேற.

அன்னிக்கு ராத்திரி என் லேப்டாப்புல பழைய போட்டோ எல்லாத்தையும் புரட்டினேன். பொறந்தநாளுக்கு ஏழு மாசம் முன்னாடி எடுத்த படத்துலயே அந்த வெள்ளைப் புள்ளி இருக்கு. அதுக்கு 'லைக்' வேற போட்டிருக்கேன்.

அமெரிக்காவுல பிரையன் ஷான்னு ஒரு வேதியியல் பேராசிரியர். அவர் பையனுக்கும் இதே நோய். அவரும் பழைய படங்களைத் தோண்டினா, குழந்தை பொறந்து 12 நாள்ல எடுத்ததுலயே வெள்ளை தெரிஞ்சிருக்கு. மனுஷன் ஒக்காந்து அழுதுட்டு விட்டுடலை. போட்டோவுல இதைத் தேடற ஒரு இலவச ஆப் செஞ்சாரு. 2019ல வந்த அவங்க ஆய்வுல, கண் நோய் இருந்த 20 குழந்தைகள்ல 16 பேருக்கு, டாக்டர் கண்டுபிடிக்கறதுக்கு சராசரியா 1.3 வருஷம் முன்னாடியே படத்துல அது பிடிபட்டிருக்கு. தொழில்காரன்ங்கற முறையில எனக்கு வெக்கமா இருந்துச்சு.

சரி, மேட்டருக்கு வரேன். கட்டி பெருசாயிடுச்சு, கண்ணை எடுத்துடணும்னாங்க டாக்டரம்மா. வீடே ரெண்டாச்சு. "பொட்டப்புள்ளைக்குக் கண்ண நோண்டிட்டு வுட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?"னு மாமாவோட அம்மா. இன்னொரு ஆஸ்பத்திரியில கேட்டோம், அதே பதில். நாட்டு மருந்து, மந்திரிக்கறதுன்னு மூணு வாரம் ஓடிப்போச்சு. அந்த மூணு வாரத்துக்கு நான் இன்னும் பெருசுங்களை மன்னிக்கலை. ரெண்டாவது கருத்து கேளுங்க, தப்பே இல்லை. ஆனா ரெண்டு டாக்டரும் எடுக்கணும்னு சொன்னப்புறம் ஓடிப் போகாதீங்க. கண்ணு போனா செயற்கைக் கண்ணு வெச்சுக்கலாம். இந்த ஒரு விஷயத்துல நான் யார்கூடவும் சண்டைக்கு ரெடி.

அக்காவைத்தான் சும்மா விடலை. "கிரகணத்தப்ப வெளிய வந்தியா?"னு தெருவே விசாரணை. ஆர்பி1னு ஒரு மரபணு. அதோட ரெண்டு பிரதியும் கெட்டாத்தான் இந்த நோய்னு 1971லயே நுட்சன் ஊகிச்சு எழுதிட்டாரு. நம்ம பாஷையில சொன்னா, ஒரிஜினலும் பேக்கப்பும் சேர்ந்து கரப்ட் ஆகுது. சில குடும்பத்துல பரம்பரையா வரும், அதனால கூடப் பொறந்தவங்களையும் டாக்டர்கிட்ட காட்டணும். கிரகணத்துக்கு இதுல எந்த ரோலும் இல்லை.

ஆபரேஷன் முடிஞ்சுது. அப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு தடவை கீமோ, ஆறு தடவை. இடையில நல்ல கண்ணை மயக்கம் கொடுத்து பார்ப்பாங்க. மயக்கம்னா ஆறு மணி நேரம் முன்னாடியே சாப்பாடு கட். ரெண்டரை வயசுப் புள்ளைக்கு பசின்னா என்னன்னு எப்படிப் புரிய வைப்பீங்க? ரோட்டுல போனா எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில டிரெய்லர் வரிசை எப்ப நகரும்னு தெரியாது. அதனால தேரடியில முதல் மெட்ரோ. எதிர் சீட்டுல யாரும் பிஸ்கெட் பிரிக்காம இருக்கணும், அதுதான் அன்னிக்கு எங்க பிரார்த்தனை. மாமாவுக்கு ஒவ்வொரு நாளும் சம்பளம் கட். மருந்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, போன கூலிக்கு எது இருக்கு?

எனக்கு ஒரு ஆசை. ஒன்பதாம் மாசம் தடுப்பூசிக்கு எப்படியும் குழந்தையைத் தூக்கிட்டு வர்றாங்க. அப்ப ரூமை கொஞ்சம் இருட்டாக்கி கண்ணுல வெளிச்சம் அடிச்சு பார்த்தா என்ன? வெள்ளையா தெரியறதெல்லாம் கேன்சர் இல்லை. கண்புரையா இருக்கலாம், ஃப்ளாஷ் விழுந்த கோணமா இருக்கலாம். ஆனா டாக்டர் பார்த்து இல்லைன்னு சொல்லட்டும், நாம சொல்ல வேணாம்.

பாப்பாவுக்கு இப்ப செயற்கைக் கண்ணு வந்தாச்சு. நல்ல கண்ணுக்குப் பாதுகாப்பா கண்ணாடி போட்டிருக்கா. கரடி பொம்மைக்கும் ஒரு கண்ணைப் பிச்சு எடுத்துட்டா. "அதுக்கும் டாக்டராண்ட போணும் மாமா"ங்கறா. வர்ற வியாழக்கிழமை செக்கப், கரடியும் வருது.