48 கலர் எதுக்கு? ஆறு போதும்!

பிள்ளைகளுக்கு ஆர்ட் ப்ராஜெக்ட் வந்துவிட்டால், தில்லை நகர் ஸ்டேஷனரி கடைகளில் பெரிய கலர் பெட்டியாகத் தேடுகிறோம். பிறகு மொபைலில் ஒரு படத்தைப் பார்த்து அப்படியே காப்பி. கலர் நிறைய இருந்தும் படம் எடுபடுவதில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதுதான் அங்கே பிரச்னை.

அதைக் கற்றுக்கொள்ள நம் பக்கத்திலேயே ஒரு கேலரி இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில் உள்ள சித்தன்னவாசல் குகைக்கோயில். 9-ம் நூற்றாண்டு சமண ஓவியங்கள். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் தாமரைக்குளம். மீன், பறவை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று குளமே நிறைந்திருக்கும்.

சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ்.பரமசிவன் 1930-களில் இந்த வண்ணங்களை ஆராய்ந்தார். சுண்ணாம்பு வெள்ளை, கரியின் கறுப்பு, மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், ஒரு நீலம். அடிப்படை நிறங்கள் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கலவை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களிலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

போனால் என்ன செய்யலாம்?

* முதல் பத்து நிமிடம் மொபைல் பைக்குள்ளேயே இருக்கட்டும். கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றிவிடும்.
* எந்த நிறம் அதிகம், எது துளியூண்டு என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு ஏன் பளிச்சென்று தெரிகிறது என்று கேளுங்கள்.
* நிறத்துக்கு அவர்களே பெயர் வைக்கட்டும். 'வெந்தய மஞ்சள்', 'ஊறுகாய் சிவப்பு' என்று எழுதிக்கொண்டால் வீட்டுக்கு வந்தபிறகும் மறக்காது.

அந்தச் செங்காவி நமக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கத்து வாசல் கோலங்களுக்குக் கரைகட்டும் காவியின் சொந்தம்தான். கோலப்பொடிக் கடையில் காவிப்பொடி வாங்கி, கோந்துத் தண்ணீரில் குழைத்தால் பெயின்ட் ரெடி.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், ஸ்ரீரங்கம் வெள்ளை கோபுரத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். ஒரே வெள்ளை எத்தனை வெள்ளையாகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

சித்தன்னவாசலில் பல இடங்களில் வண்ணம் ஏற்கெனவே மங்கி, உதிர்ந்துவிட்டது. தொடாமல் பாருங்கள். ஆனால் தள்ளிப்போடாமல் பாருங்கள்!