அடுத்த வீட்டுச் சுவரும் நம் ஆராதனையும்



ஆலயத்துக்கு வர இயலாத முதியோர் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் ஆராதனையைக் காண்கின்றனர். அவர்களுக்குக் கேட்கவேண்டுமென்று பிள்ளைகள் தனியே ஸ்பீக்கர் வாங்கிப் பொருத்துகின்றனர். நல்ல காரியமே. ஆனால் பிரசங்கம் விளங்கவில்லை என்று சத்தத்தை மேலும் மேலும் கூட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

குறை பெரும்பாலும் அமைப்பில் இருக்கிறது. தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரும் வெளி ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கையில், ஒன்று இம்மியளவு பிந்தினாலும் சொற்கள் எதிரொலியில் கலங்கிவிடும். ஒலி அமைப்புப் பகுதிக்குச் சென்று உள் ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள். பிறகு பேஸைக் குறையுங்கள். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய மெய்யோசைகள் உயர்ந்த சுருதியில் உள்ளவை. முதுமையில் முதலில் மங்குவதும் அவையே. பேஸ் அவற்றை மூடிவிடுவதோடு, சுவரையும் தளத்தையும் ஊடுருவி மாடி வீட்டாரின் உறக்கத்தையும் கெடுக்கும். உதட்டசைவும் குரலும் ஒவ்வாதிருந்தால் 'ஆடியோ டிலே' என்ற பகுதியில் திருத்தலாம். அது சிறு வேலை.

"ஆராதனைச் சத்தத்துக்கும் அளவு உண்டோ?" என்பார் சிலர். உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். தனியார் ஒலிக்கருவியின் சத்தம், அவ்விடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் மிகலாகாது.

நமக்கு அயலான மாதவரம் நெடுஞ்சாலையில், கே.கே.ஆர். நகரிலுள்ள சர்ச் ஆஃப் காட் சபையின் வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. ஒலிபெருக்கியும் டிரம்ஸும் குடியிருப்போரை வருத்துகின்றன என்று குடியிருப்போர் நலச்சங்கம் நீதிமன்றம் சென்றது. சாலையில் ஓடும் வாகனங்களின் இரைச்சலே பெரிது என்று சபை வாதிட்டது. அதிலும் உண்மை இருந்தது. எனினும் 2000 ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்க எந்த மதமும் விதிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். இதை விசுவாசத்துக்கு விரோதமானதென்று வருந்துவோர் நம்மில் இன்றும் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. ஜெபத்தை எவரும் தடுக்கவில்லை. ஸ்பீக்கரைத் தாழ்த்தவே சொன்னார்கள். ஓரேபிலே எலியா பெருங்காற்றையும் பூமியதிர்ச்சியையும் கடந்து எதற்காகக் காத்திருந்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இந்த ஞாயிறன்று ஸ்பீக்கரைச் சீர்செய்தபின், பெரியவரிடம் ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். அடுத்த வீட்டுக் கதவையும் தட்டி, அங்கே என்ன கேட்கிறதென்று விசாரியுங்கள்.