அறிவியல் அரங்கம்: கைப்பேசி ஒப்பீட்டில் காண வேண்டியது எது?

புதிய கைப்பேசி ஒன்று வெளிவரப் போகிறது என்ற செய்தி கிடைத்ததுமே நம் இல்லத்துப் பிள்ளைகள் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். எதன் திரை பெரியது, எதன் வேகம் மிகுதி என்னும் விவாதம் சாப்பாட்டு விரிப்பு வரை வந்துவிடுகிறது. பல மாதச் சேமிப்பை விழுங்கக்கூடிய இப்பொருளை வாங்குமுன் எவற்றை ஒப்பிட வேண்டும் என்பதற்கு, 2012ஆம் ஆண்டின் அனுபவம் ஒன்று நல்ல பாடமாகும்.

அவ்வாண்டு மே 3ஆம் நாள், தென்கொரியாவின் சாம்சங் நிறுவனம் 'கேலக்சி எஸ் 3' கைப்பேசியை லண்டனில் அறிமுகப்படுத்தியது. மாதக்கணக்கில் ஊகங்களை எழுப்பி, பெரும் எதிர்பார்ப்புக்கு உள்ளான கருவி அது. 2011 அக்டோபரில் வந்திருந்த ஆப்பிள் 'ஐபோன் 4எஸ்', தைவானின் எச்.டி.சி. நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'ஒன் எக்ஸ்' ஆகிய இரண்டும் அதன் முதன்மைப் போட்டியாளர்கள்.

மூன்றின் காமிராவும் 8 மெகாபிக்சல்தான். திரையோ சாம்சங்கில் 4.8 அங்குலம், எச்.டி.சி.யில் 4.7, ஐபோனில் 3.5 மட்டுமே. சாம்சங்கில் பாட்டரியைக் கழற்றி மாற்றலாம். நினைவக அட்டையும் செருகலாம். மற்ற இரண்டிலும் இவ்வசதிகள் இல்லை. எனவே பட்டியலைப் பார்த்தவர்கள் சாம்சங்கே முந்தியது எனத் தீர்ப்பளித்ததில் வியப்பில்லை.

ஆனால் அமெரிக்காவில் விற்கப்பட்ட எஸ் 3இல் நான்கு உள்ளகச் சில்லுக்குப் பதிலாக இரண்டு உள்ளகச் சில்லே இருந்தது. நமக்குக் குறைந்த சரக்கா என்று அங்கே பலர் ஏமாற்றமடைந்தனர். அதே கருவியில் 'ரேம்' எனப்படும் தற்காலிக நினைவகம், உலகின் பிற பகுதிகளில் விற்ற 1 ஜிபிக்கு மாறாக 2 ஜிபியாக இருந்ததைச் சிலரே பொருட்படுத்தினர்.

உண்மை 2014இல் வெளிப்பட்டது. ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பை இயக்க 1 ஜிபி போதாது எனக் கூறி, அவ்வகை எஸ் 3க்கு அதனை வழங்க சாம்சங் மறுத்துவிட்டது. குறையுடையதாகக் கருதப்பட்ட அமெரிக்க வகைகளில் சிலவோ அதனைப் பெற்றன. பட்டியலில் மிகச் சிறியதாகத் தோன்றிய ஐபோன் 4எஸ், 2015இல் வந்த ஐஓஎஸ் 9 வரை புதிய பதிப்புகளைப் பெற்றுக்கொண்டே இருந்தது.

ஆகவே, ஒரு கைப்பேசி எத்தனை ஆண்டுகள் பயன்தரும் என்பதே முதற்கேள்வியாக வேண்டும். இன்று இதற்கு விடை பெறுவது எளிது. கூகுள் 2023இல் 'பிக்சல் 8'க்கும், சாம்சங் 2024இல் 'கேலக்சி எஸ் 24'க்கும் ஏழாண்டுகள் புதிய பதிப்புகள் வழங்குவதாக அறிவித்துள்ளன.

அடுத்த புதுக் கைப்பேசிக்காக உங்கள் பிள்ளை காத்திருந்தால், திரையின் அளவைச் சொல்லி முடித்ததும், "இதற்கு எத்தனை ஆண்டுகள் ஆதரவு? பாட்டரி தளர்ந்தால் மாற்ற என்ன செலவாகும்?" என்று கேளுங்கள். விடை தெரியும்வரை பணத்தை எடுக்க வேண்டாம். வீண்விரயத்தைத் தடுக்க அந்தச் சிறு பொறுமை போதும்.