தவறைச் சொல்லும் கணிப்பும் சொல்லாத கணிப்பும்

கிரிப்டோ நாணய அகழ்வுக்காகக் கிராபிக்ஸ் அட்டைகளை வரிசையாக அடுக்கி இரவு பகலாக ஓட்டியவர்களைக் கல்விப்புலம் ஏளனத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறது. மின்சாரத்தை விழுங்கினார்கள், அட்டைகளின் விலையை ஏற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுகளில் நியாயம் உண்டு. ஆயினும் பழுது கண்டறிதல் என்ற ஒன்றில் அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் இருக்கிறது, கற்கவே கூடாததும் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாவிட்டால் நம் ஆய்வேடுகளின் எண்கள் ஐயத்திற்குரியவையாகும் என்பதே என் வாதம்.

முதலில் சூழல். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் அகழ்வு முறையைக் கைவிட்டது. கிராபிக்ஸ் அட்டைகளின் முதன்மையான வருவாய் வழி ஒரே நாளில் அடைபட்டது. இந்தியாவில் அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்துகளின் கைமாற்ற வருவாய்க்கு 30 விழுக்காடு வரியும், ஜூலை 1 முதல் 1 விழுக்காடு முன்பிடித்த வரியும் நடைமுறைக்கு வந்திருந்தன. ரிக்குகள் பிரிக்கப்பட்டன. அட்டைகள் டெல்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. ரோடு போன்ற சந்தைகளுக்கும் இணையவழி மறுவிற்பனைக்கும் வந்தன. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து அவற்றை வாங்கியவர்களில் ஆய்வு மாணவர்களும் உண்டு. பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட ஜி.பி.யூ.க்களை அமைக்கும் இந்தியா ஏ.ஐ. திட்டத்திற்கு 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அத்தகைய வசதி சிறு கல்லூரியின் மாணவருக்கு எட்டும் வரை பழைய அட்டைதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

இனி, கற்க வேண்டியது. எட்டு அட்டைகள் கொண்ட ரிக் ஒன்றில் அகழ்வு மென்பொருள் நள்ளிரவில் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். தேர்ந்தவர் முதலில் மென்பொருளைக் குறை சொல்வதில்லை, பதிவேட்டைப் படிக்கிறார். எந்த எண்ணுள்ள அட்டையில் நின்றது? லினக்ஸ் இயங்குதளத்தில் என்விடியா இயக்கி எழுதும் பிழைக்குறிப்புகளில் எக்ஸ்.ஐ.டி. 79 என்று இருந்தால், அட்டையோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். காரணம் அட்டையாக இருக்கலாம். அதைத் தாய்ப்பலகையிலிருந்து தள்ளிவைத்து இணைக்கும் ரைசராக இருக்கலாம். மின்வழங்கியாகவும் இருக்கலாம். அவர் ஐயத்திற்குரிய அட்டையை வேறொரு ரைசருக்கு மாற்றுகிறார். பழுது அட்டையோடு நகர்ந்தால் குற்றம் அட்டையினுடையது. பழைய இடத்திலேயே தங்கினால் ரைசரினுடையது. அதன்பின் நினைவக வேகத்தை இயல்புநிலைக்குக் கொணர்ந்து பார்க்கிறார். பிறகு மின்னிணைப்பு. சாட்டா மின்முனையின் 12 வோல்ட் தடம் தாங்கக்கூடியது 54 வாட். அட்டையோ தன் செருகுவாயிலிருந்து 75 வாட் வரை இழுக்கலாம். ரைசரைச் சாட்டாவில் இணைத்தவர்களின் கம்பிகள் கருகியதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இதில் உள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று. மற்றவற்றை அப்படியே வை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வகுத்துரைத்த வேறுபாட்டு முறை இதுவே. ஆய்வுநெறித் தாளில் இதற்கு விடை எழுதி மதிப்பெண் பெற்ற நாம், பயிற்சிக்கு விட்ட நரம்பியல் வலையமைப்பு நடுவில் நின்றால் என்ன செய்கிறோம்? இயக்கியைப் புதுப்பித்து, நூலகத்தின் பதிப்பை மாற்றி, தரவுத் தொகுதியின் அளவைக் குறைத்து, எல்லாவற்றையும் ஒருசேரச் செய்துவிட்டு மறுபடி ஓட்டுகிறோம். ஓடினால் மகிழ்கிறோம். எது சரிசெய்தது என்பது நமக்குத் தெரியாது. எது பழுதாயிருந்தது என்பதும் தெரியாது.

அடுத்து, கற்கக் கூடாதது. அகழ்வுக் கணிப்பின் அடிப்படை இயல்பு ஒன்று உண்டு: விடையைக் கண்டுபிடிப்பது கடினம், சரிபார்ப்பது மிக எளிது. அட்டை ஒரு விடையைத் தந்ததும் பல மென்பொருள்கள் அதை மையச் செயலியில் மறுபடி கணித்துப் பார்க்கின்றன. பூல் எனப்படும் கூட்டகழ்வு வழங்கியும் தன் பங்கிற்குச் சரிபார்க்கிறது. தவறானால் அந்த ஷேர் நிராகரிக்கப்படும். எந்த அட்டை எத்தனை தவறு செய்தது என்ற கணக்கும் திரையில் தெரியும். ஆக அகழ்வோருக்குத் தலைக்குமேல் ஒரு நீதிபதி எப்போதும் உண்டு. அதனால்தான் அவர் துணிகிறார். எதீரிய அகழ்வின் வேகம் கணிப்புத் திறனைவிட நினைவக வேகத்தையே சார்ந்திருந்ததால், மையக் கருவின் மின்னளவைக் குறைத்து நினைவகத்தை உற்பத்தியாளரின் வரையறைக்கு மேலே ஓட்டுவது வழக்கமாயிற்று. நூற்றில் ஒரு ஷேர் தவறினாலும் வேகத்தில் கிடைக்கும் இலாபம் அதைவிட மிகுதியானால் அவர் அதை ஏற்பார். ரிக் நின்றால் தானாக மறுதொடக்கம் செய்யும் காவல் நிரலையும் வைப்பார். காரணம் புதைந்துபோகும், வருவாய் தொடரும். அவருடைய கணக்கில் அது சரியே.

நம் கணக்கில் அது சரியன்று. நம் கணிப்பிற்கு நீதிபதி இல்லை. நினைவகத்தில் ஒரு பிட் புரண்டு, ஓர் எடை எல்லையின்றிப் பெருகி, பயிற்சி சிதறி நின்றால் அது நற்பேறு. தவறு தன்னை அறிவித்துவிட்டது. புரண்ட பிட் கடைசித் தசமங்களில் விழுந்தால் எதுவும் நிற்காது. துல்லியம் அரை விழுக்காடு கூடும் அல்லது குறையும். நாம் அதற்கு ஒரு விளக்கமும் எழுதிவிடுவோம். விளையாட்டுக்கென விற்கப்படும் பெரும்பாலான அட்டைகளில் நினைவகப் பிழையைத் திருத்தும் ஈ.சி.சி. வசதி இல்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. இணையாகக் கூட்டப்படும் பதின்ம எண்களின் வரிசை மாறுவதால், நலமான அட்டையிலும் ஓட்டத்திற்கு ஓட்டம் விடை சற்று வேறுபடும். அவ்வேறுபாட்டை இயல்பென்று ஏற்கப் பழகிவிட்ட கண்ணுக்குப் பழுதான அட்டையின் வேறுபாடு தனித்துத் தெரிவதில்லை.

இதனால், அகழ்வில் ஓடிய அட்டைகள் அனைத்தும் பாழ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மின்னளவைக் குறைத்துச் சீரான வெப்பத்தில் ஓடிய அட்டை நன்றாகவே இருக்கக்கூடும். சிக்கல், நமக்கு அதன் வரலாறு தெரியாது என்பதே. ஆர்.எக்ஸ். 570, 580 போன்ற அட்டைகளில் நினைவக நேரவளவுகளைத் திருத்திய பயாஸை எழுதியே அகழ்ந்தார்கள். அது துடைக்கப்படாமல் கைமாறினால், எல்லா அமைப்பும் இயல்பில் இருப்பதாக மென்பொருள் காட்டும். அட்டை இயல்பில் இராது. விற்பவர் “நன்றாக ஓடுகிறது” என்று சொல்வதும் பொய்யன்று. எந்த அளவுகோலில் நன்றாக ஓடியது என்பதே கேள்வி.

எனவே என் பரிந்துரைகள் எளியவை. பழைய அட்டை ஆய்வுக்கூடத்திற்கு வந்ததும் மூலப் பயாஸையும் இயல்பு வேகங்களையும் உறுதிசெய்ய வேண்டும். ஒரே அணிப்பெருக்கலை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து விடைகளை ஒப்பிடும் ஜி.பி.யூ. பர்ன் போன்ற சோதனையை ஓட்ட வேண்டும். வரிசை மாறாத கணிப்பு முறையை நூலகத்தில் இயக்கி, அதே விதை எண்ணோடு இருமுறை ஓட்டி, விடை பிட்டுக்குப் பிட்டு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயக்கியின் பிழைக்குறிப்புகளைச் சோதனைப் பதிவோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். ஆய்வேட்டின் மைய முடிவு எதுவோ அதையேனும் வேறோர் அட்டையில் மறுபடி பெற வேண்டும். அட்டையின் வகை, இயக்கியின் பதிப்பு, மின்வரம்பு ஆகியவை பின்னிணைப்பில் இடம்பெற வேண்டும்.

வேதியியல் ஆய்வேட்டில் தராசின் துல்லியத்தைக் கேட்கும் தேர்வாளர், கணிப்பு ஆய்வேட்டில் அட்டையைப் பற்றிக் கேட்பது அரிது. கணினியைக் கருவியாகக் கருதாமல் காகிதம்போல் கருதும் பழக்கத்திலிருந்து வருவது இது. வாய்மொழித் தேர்வில் அக்கேள்வியைக் கேட்கத் தொடங்குவதற்கு நிதியொதுக்கீடு எதுவும் தேவையில்லை. நெறியாளர்கள் நாளையே தொடங்கலாம்.

தங்கள் துறையில் இத்தகைய சரிபார்ப்பு முறை ஏற்கெனவே இருப்பின் நண்பர்கள் இங்கே எழுதுங்கள். இதை மிகையான அச்சம் என்று கருதுவோரும் தங்கள் காரணங்களை முன்வைக்கலாம்.