மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவரின் மறுமொழியும் கேட்கப்பட வேண்டும்

மஞ்சள் நோட்டீஸ் என்றாலே மொத்த வியாபாரிக்கு வயிற்றைக் கலக்கும். பருப்பு, மிளகாய் வியாபாரத்தில் நாங்கள் நாற்பது வருடங்களாக இருக்கிறோம். அந்த நோட்டீஸ் எங்கள் கடைக்கு ஐந்தாறு முறை வந்திருக்கிறது. வீட்டை மனைவி பேருக்கும் சரக்கை மைத்துனர் கடைக்கும் மாற்றிவிட்டு ஐ.பி. கொடுத்த புண்ணியவான்களும் அதில் உண்டு. அத்தகையவர்களுக்குப் பரிந்து பேச நமக்கு எந்த ஆசையும் இல்லை. ஆனால் உண்மையிலேயே நொடித்துப்போய், வக்கீல் வைக்கவும் வழியில்லாமல் கோர்ட்டில் தனியே நிற்கிற சிறு கடைக்காரருக்கு என்ன நடக்கிறது என்பதைக் கடன் கொடுத்த தரப்பில் நின்று பார்த்தவர்கள் நாம். அதைச் சொல்லவும் நாம்தான் கடமைப்பட்டவர்கள்.

ஐ.பி. கொடுத்த அன்றே கடன் தீர்ந்துவிடுவதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தபோதிலும், தனி நபர்கள் பற்றிய அதன் பகுதி 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலாக்கப்பட்டது. மளிகைக் கடைக்காரருக்கு இன்னமும் 1920-ம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். சென்னை நகரில் மட்டும் 1909-ம் ஆண்டுச் சட்டம். 1920 சட்டப்படி, திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தபின் குறித்த கெடுவுக்குள் அவர் விடுதலை கேட்டுத் தனியாக மனுப் போட வேண்டும். விசாரணை நாளில் வராமல் போனால் திவால் உத்தரவே ரத்தாகிவிடும். விடுதலை கிடைக்காதவர் தம் நிலையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாய்க்குக் கடன் வாங்கினாலும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. (ஐம்பது ரூபாயில் இன்று ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்க முடியுமா?) அப்படிப்பட்டவர் மறுபடி எப்படிக் கடை வைப்பார்?

அந்த மனுவை எதிர்க்க நமக்கு உரிமை உண்டு. மூன்று வருடக் கணக்குப் புத்தகம் முறையாக வைக்கவில்லை, கொடுக்க முடியாது என்று தெரிந்தே சரக்கு எடுத்தார், ஒருவருக்கு மட்டும் முந்திக் கொடுத்தார் என்று 42-ம் பிரிவில் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று நிரூபணமானாலும் முழு விடுதலை கிடையாது. இங்கேதான் நுணுக்கம். ரிசீவரின் அறிக்கையே சாட்சியமாகக் கொள்ளப்படும். அதில் உள்ளதைச் சரியென்றே கோர்ட் அனுமானிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, அறிக்கையில் ஒரு வரி தவறாக விழுந்துவிட்டால், அதைத் தவறு என்று காட்டும் பாரம் தனியே நிற்கிறவர் தலையில் விழுகிறது. அறிக்கையைக் கண்ணாலேயே பார்க்காதவர் எதைக் காட்டுவார்?

சில வருடங்களுக்கு முன் எங்களுக்கு எண்பத்தாறாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்த ஒரு சில்லறைக் கடைக்காரர் விடுதலை கேட்டு மனுப் போட்டார். நாங்கள் எதிர்த்தோம். எங்கள் வக்கீல் ஆங்கிலத்தில் டைப் செய்த நான்கு பக்க ஆட்சேபணையின் நகல், வழக்கைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்புதான் கோர்ட் வராந்தாவில் அவர் கைக்குப் போனது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர, அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "கணக்குகள் எவையும் ஒப்படைக்கப்படவில்லை" என்று ரிசீவர் அறிக்கையில் இருந்தது. "அத்தனை நோட்டையும் அன்றைக்கே ஆபீசில் கொடுத்தேன் சாமி, ரசீது கேட்கத் தோணலை" என்றார் அவர். பையில் மீதியிருந்த ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. எதிர்த் தரப்பைக் கேள்வி கேட்கலாம், பதில் எழுத வாய்தா கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. மனு தள்ளுபடியானது. முப்பது நாளுக்குள் ஜில்லா கோர்ட்டில் அப்பீல் செய்யலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்த நோட்டை நாங்கள் அறிவோம். வசூலுக்குப் போன எங்கள் ஆள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதில்தான் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார். கணக்கே வைக்கவில்லை என்று எங்கள் பெயரில் ஆட்சேபணை நின்றபோது நாங்கள் பின் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். பாக்கி வந்ததா என்றால் அதுவும் இல்லை.

இதற்குப் பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது. ஆட்சேபணையும் ரிசீவர் அறிக்கையும் தமிழில், பதினைந்து நாள் முன்னதாக, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடம் தரப்பட வேண்டும். ஒப்படைக்கிற ஒவ்வொரு கணக்கு நோட்டுக்கும் ரிசீவர் ஆபீஸ் ரசீது தர வேண்டும். வக்கீல் இல்லாதவரிடம், "இதற்கு உம்முடைய பதில் என்ன, யாரை விசாரிக்க வேண்டும்?" என்று கோர்ட்டே கேட்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம் என்பதை முதல் வாய்தாவிலேயே சொல்லிவிடலாம். இப்படிச் செய்தால் ஏமாற்றுக்காரன் தப்பிவிடுவான் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். ஏமாற்றுக்காரன் நல்ல வக்கீலோடுதான் வருகிறான். அவனுக்கு இந்தச் சலுகை எதற்கு?

கோர்ட் செய்வது கோர்ட் பாடு. நம் சங்கம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஆட்சேபணை போடும் உறுப்பினர், தம்மிடமுள்ள பற்று வரவு நகலையும், கடன்காரரின் கணக்குப் பற்றித் தமக்குத் தெரிந்ததையும் மறைக்காமல் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை நாங்களே முன்மொழிகிறோம். வழிமொழிய விரும்பும் உறுப்பினர் சங்க அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் நல்லது.