ஆர்டர் போனால் லைனும் போகும்

பெண் டிப்ளமோ முடித்துவிட்டாளா, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் சேர்த்துவிடுங்கள், வாழ்க்கை செட்டில் ஆகிவிடும் என்ற பேச்சு புதுச்சேரியின் உழவர்கரைத் தெருக்களில் சாதாரணமாகக் காதில் விழும். கம்பெனி வளர்ந்துகொண்டே போகிறதே, வேலை எங்கே போய்விடும் என்பது பெற்றோரின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு.

1974இல் தைவானில் டெர்ரி கோ தொடங்கிய ஃபாக்ஸ்கான் நிறுவனம் முதலில் செய்தது தொலைக்காட்சிப் பெட்டியின் சேனல் திருகும் குமிழ்கள். இன்று உலகிலேயே பெரிய ஒப்பந்த மின்னணு உற்பத்தியாளர் அதுதான். ஆனால் அது செய்துதரும் போனில் அதன் பெயர் இருப்பதில்லை. 100 ரூபாய் விற்றுமுதலில் நிகர லாபமாக மிஞ்சுவது ஏறத்தாழ 2 ரூபாய். இந்தச் சிறு லாபத்தில் பிழைக்க வேண்டுமானால் ஆர்டர் வரும்போது ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்க வேண்டும், ஆர்டர் குறைந்ததும் கழற்றிவிட வேண்டும். அதன் வளர்ச்சியே இப்படித்தான் நடக்கிறது.

நோக்கியாவை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய ஆலை, வரி வழக்கு, போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது எல்லாம் சேர்ந்து 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பி ஓடிய ஃபாக்ஸ்கான் கூடமும் அடுத்த மாதமே உற்பத்தியை நிறுத்தியது. ஏறத்தாழ 1,700 பேர் வேலை இழந்தார்கள். ஃபாக்ஸ்கானின் தாய்க் கம்பெனி அப்போதும் உலக அளவில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்ணின் மணிக்கட்டில் நிலைமின் தடுப்புப் பட்டை, தலையில் தொப்பி. ஷிப்ட் முழுக்க ஒரே இடத்தில் ஒரே திருகை முறுக்குகிறாள். டார்கெட் தவறினால் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நிற்கிறார். சர்க்யூட் பலகையில் உறுப்புகளைப் பொருத்தும் இயந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றவருக்கு வேறு ஆலையிலும் வேலை உண்டு. திருகு முறுக்கியவருக்கு அந்த அனுபவம் எங்கே உதவும்?

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரின் இப்போதைய ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள்; தோழிகள் நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். அந்த ஆலையில் பெரும்பாலோர் ஒப்பந்ததாரர் வழியே எடுக்கப்பட்டவர்கள் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சோறு, படுக்கை, சம்பளம் ஒவ்வொன்றிலும் கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் நடுவே இன்னொருவர் நிற்கிறார்.

ஆலையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொந்தச் சம்பளம் கையில் வாங்கும் பெண்ணுக்கு வீட்டில் பேச்சுரிமை கூடுகிறது. அது பெரிய விஷயம். புதுச்சேரியிலும் லெனோவோ கணினி ஆலை இயங்குகிறது. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளுக்கு நாளை மின்னணு ஆலை வந்தால் நல்லதுதான். ஆனால் நிலமும் மின்சாரமும் சலுகையில் கொடுக்கும் அரசு, நேரடி நியமனம் எத்தனை, இயந்திரப் பயிற்சி எத்தனை பேருக்கு, சங்கம் வைக்க அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

பெற்றோரே, பிள்ளையைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றும் முன் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இருப்பது கம்பெனியின் பெயரா, ஒப்பந்ததாரரின் பெயரா?